வாழ்க்கை மனநிறைவை அளக்கும் மொழி: கல்லூரி விளையாட்டு மாணவரும் பிற மாணவரும்

1. முன்னுரை

கல்லூரியில் பயிலும் விளையாட்டு மாணவர்கள், பிற மாணவர்களைவிடத் தம் வாழ்க்கையில் மிகுந்த மனநிறைவு உடையவர்களா என்னும் வினா உளவியல், உடற்கல்வியியல் ஆகிய இரு துறைகளிலும் தொடர்ந்து ஆராயப்பட்டு வருகிறது. இவ்வாய்வுகளின் முடிவுகள் ஒரே திசையில் அமையவில்லை. சில ஆய்வுகள் விளையாட்டு மாணவர்க்கு உயர்ந்த மதிப்பெண்ணைக் காட்டுகின்றன. சில, இரு குழுவினரிடையே வேறுபாடு இல்லை என்கின்றன. இம்முரண்பாட்டுக்கு மாதிரியின் அளவு, விளையாட்டின் வகை, பாலினம், குடும்ப வருவாய் முதலிய பல காரணங்கள் கூறப்படுகின்றன. அளக்கும் கருவியின் மொழியும் ஒரு காரணமாகலாம் என்பது போதிய அளவு கருதப்படவில்லை.

மனநிறைவை அளக்கத் தராசோ வெப்பமானியோ இல்லை. மாணவர் கையில் ஒரு வினாநிரல் தரப்படுகிறது. அதிலுள்ள கூற்றுகளைப் படித்து, அவற்றுடன் எந்த அளவுக்கு உடன்படுகிறார் என்பதை அவர் குறிக்கிறார். அக்குறிகள் எண்களாக்கப்பட்டுக் கூட்டப்படுகின்றன. எனவே அட்டவணையில் எண்ணாகக் காணப்படுவது ஒவ்வொன்றும் அதற்கு முன் ஒரு வாக்கியத்தைப் பற்றிய புரிதலாக இருந்ததாகும். அப்புரிதல் இரு குழுவினர்க்கும் வேறுபடுமாயின், எண்களை ஒப்பிடுவது இரு வேறு பொருள்களை ஒரே முழக்கோலால் அளந்ததாக எண்ணி மயங்குவதாகும்.

இது வெறும் கோட்பாட்டுச் சிக்கலன்று. இந்தியப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1925இல் பல்கலைக்கழகங்களிடை வாரியமாகத் தோன்றிய இந்தியப் பல்கலைக்கழகச் சங்கம், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை நடத்தி வருகிறது. அவற்றில் சிறந்து விளங்கிய பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956-57 முதல் வழங்கப்பட்டு வந்தது. கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் முதன்முறையாக 2020இல் புவனேசுவரத்தில் நடைபெற்றன. அதே ஆண்டில் வெளியான தேசியக் கல்விக் கொள்கை, பாடத்திட்டம் என்றும் பாடத்திட்டத்துக்குப் புறம்பானது என்றும் பிரிக்கும் பழைய பிரிவினையைக் களைய வேண்டும் என்கிறது. இந்நிலையில், விளையாட்டு மாணவர்களின் மனநலம் பற்றிய எண்கள் விடுதி வசதி, பயிற்சி நேரம், தேர்வுச் சலுகை, உளவியல் அறிவுரை ஆகியவற்றைத் தீர்மானிப்பதில் பங்கு பெறத்தக்கவை. ஒரு சொல்லின் பிழையால் ஒரு குழுவினர் நிறைவற்றவர் எனக் கணிக்கப்படுவதும், உதவி தேவைப்படுவோர் நிறைவுடையோர் என ஒதுக்கப்படுவதும் ஒருங்கே தவிர்க்கப்பட வேண்டியன. இந்நோக்கில், வாழ்க்கை மனநிறைவு அளவுகோலைத் தமிழில் வழங்கும்போது எழும் மொழியியல் சிக்கல்களை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

2. அளக்கப்படுவது யாது?

எட் டீனர் என்னும் அமெரிக்க உளவியலாளர் அகவய நல்வாழ்வு குறித்து 1984இல் வெளியிட்ட ஆய்வுரை, இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அகவய நல்வாழ்வில் மூன்று கூறுகள் வேறுபடுத்தப்படுகின்றன: இன்ப உணர்வுகள் மிகுந்திருத்தல், துன்ப உணர்வுகள் குறைந்திருத்தல், வாழ்க்கை மனநிறைவு. முதலிரண்டும் உணர்வு சார்ந்தவை. மூன்றாவது, ஒருவர் தம் வாழ்க்கை முழுவதையும் தாமே வகுத்துக்கொண்ட ஓர் அளவையோடு ஒப்பிட்டுத் தரும் தீர்ப்பு. நேற்று தோற்று இன்று அழுதுகொண்டிருக்கும் ஒரு மாணவி, தன் வாழ்க்கை நன்றாகவே அமைந்துள்ளது எனத் தீர்ப்பளிக்கக்கூடும். கூச்சலும் சிரிப்புமாகப் பொழுதைக் கழிக்கும் ஒருவர், தம் வாழ்க்கை தாம் விரும்பியவாறு இல்லை எனக் கருதக்கூடும்.

உணர்வுக்கும் தீர்ப்புக்கும் உள்ள இவ்வேறுபாடு தமிழ் மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் எட்டு மெய்ப்பாடுகளில் உவகையும் பெருமிதமும் இடம்பெறுகின்றன. உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டு கூறப்படுவதும், பெருமிதம் பிறக்கும் நிலைக்களன்களுள் தறுகண்மையும் புகழும் வைக்கப்படுவதும் இங்குக் கருதத்தக்கன. அங்குச் சுட்டப்படும் விளையாட்டை யாறு, குளம், சோலை ஆகியவற்றில் ஆடுதலாக உரையாசிரியர்கள் கொள்வர். இன்றைய போட்டி விளையாட்டோடு அதனை ஒன்றாக்குதல் பொருந்தாது. எனினும் மெய்ப்பாடு என்பது மெய்யின்கண் புலப்படும் உணர்வு என்னும் கருத்து நமக்கு உதவுகிறது. உவகை முகத்தில் தெரியும். பெருமிதம் நிற்கும் நிலையில் தெரியும். வாழ்க்கை மனநிறைவோ மெய்யின்கண் படுவதன்று. அது கேட்டால் மட்டுமே வெளிப்படும் தீர்ப்பு. ஆதலின் மொழியை விட்டு அதனை அறிய வேறு வழியில்லை.

அத்தீர்ப்பைப் பெறுவதற்கு இரு கருவிகள் பெரிதும் பயன்படுகின்றன. ஒன்று, ஹாட்லி கேன்ட்ரில் 1965இல் வெளியிட்ட நூலால் பரவிய ஏணி அளவுகோல். 0 முதல் 10 வரை எண்ணிடப்பட்ட ஏணியில், தமக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கையை உச்சியிலும் மிகத் தாழ்ந்த வாழ்க்கையை அடியிலும் வைத்து, தாம் நிற்கும் படியை விடையளிப்பவர் காட்ட வேண்டும். மற்றொன்று, டீனர், எம்மன்ஸ், லார்சன், கிரிஃபின் ஆகியோர் 1985இல் வெளியிட்ட வாழ்க்கை மனநிறைவு அளவுகோல். இதில் 5 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை உடன்பாட்டு அளவு உண்டு. ஆகவே மொத்த மதிப்பெண் 5க்கும் 35க்கும் இடையில் அமையும். 20 நடுநிலை, 21 முதல் 25 வரை ஓரளவு நிறைவு, 15 முதல் 19 வரை ஓரளவு நிறைவின்மை எனப் பொருள் கொள்வர். இதனை உருவாக்கியோர் சோதித்ததும் கல்லூரி மாணவரிடமே. அங்கு அகநிலை இசைவெண் 0.87 எனவும், இரு மாத இடைவெளியில் மறுசோதனை இசைவெண் 0.82 எனவும் கிடைத்தன. இவ்வெண்கள் ஆங்கில வடிவத்துக்கு உரியவை. தமிழ் வடிவத்துக்கு அவை தாமாகவே உரியன ஆகமாட்டா.

3. சொல் தேர்வு

தமிழில் இக்கருத்துக்கு வழங்கத்தக்க சொற்கள் திருப்தி, நிறைவு, மனநிறைவு, மகிழ்ச்சி, சந்தோஷம் என்பன. இவற்றின் பொருண்மை எல்லைகள் வேறு வேறு.

திருப்தி என்பது உண்டு நிறைதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது. அப்பொருளின் சாயல் தமிழிலும் நிற்கிறது. விருந்தினரிடம் ‘சாப்பாடு திருப்திதானே?’ எனக் கேட்பது இயல்பு. அலுவலக வழக்கில் ‘திருப்திகரம்’ என்பது குறையில்லை என்னும் அளவே பொருள் தரும், சிறப்பைச் சுட்டாது. மருத்துவமனை அறிக்கையில் ‘உடல்நிலை திருப்திகரமாக உள்ளது’ என்றால் அபாயம் இல்லை என்பதே செய்தி. விளையாட்டுப் பயிற்சிச் சூழலில் இச்சொல் எதிர்மறைச் சாயலும் பெறுகிறது. ‘இதோடு திருப்தி அடைந்துவிடாதே’ என்பது பயிற்சியாளர் மாணவரை ஊக்கும் மொழி. அங்குத் திருப்தி என்பது முயற்சியின் முடிவு. ஏறக்குறைய ஒரு குற்றம். நாள்தோறும் இவ்வறிவுரையைக் கேட்கும் ஒருவரிடம் ‘நான் என் வாழ்க்கையில் திருப்தி அடைந்துள்ளேன்’ என்னும் கூற்றைத் தந்தால், அதனை மறுப்பது அவருக்கு மன வருத்தத்தின் அடையாளமாக இராமல், மேலும் முயல விரும்பும் ஊக்கத்தின் அடையாளமாகவும் அமையலாம்.

நிறைவு என்னும் சொல்லில் வேறொரு சிக்கல் உள்ளது. அது முழுமையையும் முடிவையும் ஒருங்கே குறிக்கும். போட்டிகளின் இறுதி நாளில் நடைபெறுவது நிறைவு விழா. ‘பணி நிறைவு’ என்பது ஓய்வுபெறுதல். எனவே ‘வாழ்க்கை நிறைவு’ என்னும் தொகை வாழ்க்கையின் முடிவு எனவும் பொருள்பட இடம் தருகிறது. ‘மன’ என்னும் அடையைச் சேர்த்து மனநிறைவு என்றால் இம்மயக்கம் நீங்குகிறது. எனினும் மனநிறைவு எழுத்து வழக்குச் சொல். மாணவர்கள் தமக்குள் பேசும்போது அதனை மிக அரிதாகவே ஆள்வர். போதுமென்ற மனத்தைப் பொன்னாக்கும் மருந்தாகப் போற்றும் பழமொழியின் அறச்சாயலும் அதன்மேல் படிந்துள்ளது. அவ்வறச்சாயலால், தம்மைப் பண்பட்டவராகக் காட்ட விரும்புவோர் அதனை எளிதில் ஒப்புக்கொள்ளக்கூடும்.

மகிழ்ச்சி, சந்தோஷம் ஆகியன உணர்வைக் குறிப்பன. சந்தோஷம் என்னும் சொல்லின் வரலாறு இங்குப் பாடம் தருவது. பதஞ்சலியின் யோக சூத்திரம் நியமங்களுள் ஒன்றாகக் கூறும் சந்தோஷம், கிடைத்ததில் அமைதல் என்னும் பொருளுடையது. இந்தியில் இச்சொல் இன்றும் அப்பொருளையே பெரிதும் தாங்கி நிற்கிறது. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளில் அது களிப்பு என்னும் உணர்வுப் பொருளுக்கு மாறிவிட்டது. சமாதானம் என்னும் சொல்லும் இத்தகையதே: மராத்தியில் அது மனநிறைவு, இந்தியில் சிக்கலுக்குத் தீர்வு, தமிழில் அமைதி, பகை தீர்தல். பல மாநில மாணவர்கள் கலந்துகொள்ளும் போட்டிகளில் பன்மொழி வினாநிரல் வழங்குவோர், வடிவொற்றுமை கண்டு பொருளொற்றுமை உண்டு எனக் கொள்வாராயின் பிழை நேரும். இந்தியில் தீர்ப்பைக் கேட்ட வினா தமிழில் உணர்வைக் கேட்டதாகிவிடும்.

4. வாக்கிய அமைப்பு

சொல்லைத் தேர்ந்த பின்னும் வாக்கியத்தைத் தேர வேண்டியுள்ளது. மூன்றாம் கூற்றைத் தமிழில் குறைந்தது நான்கு வகையாக அமைக்கலாம்.

(1) என் வாழ்க்கை எனக்கு மனநிறைவு அளிக்கிறது.
(2) எனக்கு என் வாழ்க்கையில் மனநிறைவு உண்டு.
(3) நான் என் வாழ்க்கையில் மனநிறைவுடன் இருக்கிறேன்.
(4) நான் என் வாழ்க்கையில் மனநிறைவு அடைந்துவிட்டேன்.

தமிழில் பசி, வலி, கோபம், விருப்பம் முதலிய அகநிலைகளை நுகர்வோன் நான்காம் வேற்றுமை ஏற்று வருதல் பெருவழக்கு. ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்கு வருத்தம்’ என்னும் தொடர்களில் நுகர்வோன் செய்பவனாகக் காட்டப்படுவதில்லை. அந்நிலை அவனுக்கு நேர்வதாகக் காட்டப்படுகிறது. (1), (2) ஆகியன இவ்வமைப்பின. இவற்றுள் (1) வாழ்க்கையை எழுவாயாக்கி, நிறைவைத் தரும் பொறுப்பை அதன்மேல் ஏற்றுகிறது. (2) ஒரு நிலையின் இருப்பை மட்டும் கூறுகிறது. (3) விடையளிப்பவரையே எழுவாயாக்கி அவருடைய தற்போதைய நிலையைக் கேட்கிறது. இதனால் ‘இப்போது எப்படி இருக்கிறீர்கள்?’ என்னும் நலவிசாரிப்புக்கு அணித்தாகிறது. (4)இல் வரும் ‘விடு’ என்னும் துணைவினை வினைமுற்றின் முழுமையை உணர்த்துவது. அடைதல் முடிந்தது, இனி அடைவதற்கு இல்லை என்னும் குறிப்பு அதில் அடங்கியுள்ளது. மேலும் முன்னேற விழையும் எவரும், விளையாட்டு மாணவராயினும் ஆட்சிப் பணித் தேர்வுக்குப் பயில்பவராயினும், அதனை ஒப்புக்கொள்ளத் தயங்குவர்.

ஆங்கில மூலம் அடைதலின் முடிவை வற்புறுத்தவில்லை. ஒரு மதிப்பீட்டையே கூறுகிறது. எனவே (2) மூலத்துக்கு நெருக்கமானது எனலாம். (4) எவ்விடத்தும் தவிர்க்கத்தக்கது.

தன்மைப் பன்மையும் கவனிக்கத்தக்கது. முன்னிலையாரை உளப்படுத்தும் ‘நாம்’ என்பதையும், உளப்படுத்தாத ‘நாங்கள்’ என்பதையும் தமிழ் வேறுபடுத்துகிறது. குழு விளையாட்டு மாணவர் தம் அனுபவத்தைக் கூறும்போது ‘நாங்கள்’ என்பது இயல்பாக வரும்: ‘நாங்கள் அரையிறுதி வரை வந்தோம்’. வாழ்க்கை மனநிறைவு அளவுகோலின் 5 கூற்றுகளும் ‘நான்’, ‘என்’ என்றே அமைந்தவை. குழுவின் வெற்றி தோல்வியைத் தம் வாழ்க்கையின் கணக்கில் சேர்ப்பதா இல்லையா என்பதை ஒவ்வொரு மாணவரும் தாமே முடிவு செய்கிறார். கபடி ஆடுபவரும் நீண்ட தூர ஓட்டக்காரரும் இதில் ஒரே முடிவுக்கு வருவர் எனக் கொள்வதற்கில்லை.

5. ஐந்து கூற்றுகளும் இரு குழுவினரும்

முதற்கூற்று, தம் வாழ்க்கை தாம் சிறந்ததெனக் கருதும் வடிவத்துக்கு அணித்தாக உள்ளதா என்பதைக் கேட்கிறது. இங்கு மொழிபெயர்ப்பாளர் கையில் முதலில் வந்து நிற்பது ‘இலட்சியம்’ என்னும் சொல். ஆனால் வழக்கில் இலட்சியம் என்பது குறிக்கோள்; வாழ்வில் எட்ட வேண்டிய ஓர் உச்சி. ‘என் வாழ்க்கை என் இலட்சியத்துக்கு அருகில் உள்ளது’ என்பதைப் படிக்கும் ஓட்டப்பந்தய மாணவர் மாநில அணியையோ தேசியப் பதக்கத்தையோ நினைப்பார். அதற்கும் தமக்கும் உள்ள தொலைவை நொடிக்கணக்கில் அறிந்தவர் அவர். வணிகவியல் பயிலும் மற்றொரு மாணவருக்கு இலட்சியம் இன்னும் தெளிவுறாத ஒன்றாக இருக்கலாம். தெளிவுறாததன் தொலைவு உறுத்துவதில்லை. இருவரும் வெவ்வேறு வினாவுக்கு விடையளிக்கின்றனர். ‘நான் விரும்பும் வகையிலேயே பெரும்பாலும் என் வாழ்க்கை அமைந்துள்ளது’ என்னும் வடிவம் இம்மயக்கத்தைக் குறைக்கும்.

இரண்டாங்கூற்று வாழ்க்கையின் நிலைமைகளைப் பற்றியது. தமிழில் ‘நிலைமை’ என்பது பெரும்பாலும் இடர்ப்பாட்டைச் சுட்டி வருவது. ‘வீட்டு நிலைமை சரியில்லை’ என்பது வறுமையைக் குறிப்பாகச் சொல்லும் முறை. ‘வசதி’ என்றால் பணமும் பொருளும். ‘சூழல்’ என்றால் இடமும் சுற்றமும். எதைத் தேர்ந்தாலும் பொருள் ஒருபுறம் சாய்கிறது. விளையாட்டு விடுதியில் உணவும் உறைவிடமும் பெறும் மாணவர், ‘வசதி’ என்று கேட்டால் விடுதியையும், ‘வீட்டு நிலைமை’ என்று கேட்டால் ஊரிலுள்ள பெற்றோரையும் கருதி விடையளிப்பார்.

நான்காங்கூற்று, வாழ்க்கையில் தாம் விரும்பிய முதன்மையானவற்றை இதுவரை பெற்றுவிட்டாரா என்பதைப் பற்றியது. 19 அகவை மாணவருக்கு ‘இதுவரை’ என்பது குறுகிய காலம். ஆயினும் விளையாட்டில் அகவைக்கு வேறு கணக்கு உண்டு. பத்தொன்பதில் பிற மாணவர் தொடக்கத்தில் நிற்க, சீருடற்பயிற்சி வீராங்கனை ஒருவர் தம் துறையின் உச்சத்தை நெருங்கியவராகவோ கடந்தவராகவோ இருக்கலாம்.

ஐந்தாங்கூற்று நிபந்தனைத் தொடர். வாழ்க்கையை மீண்டும் வாழ இயலுமாயின், ஏறத்தாழ எதனையும் மாற்றிக்கொள்ள விரும்பமாட்டார் என்பது அதன் பொருள். இதனை ‘மறுபடியும் பிறந்தால்’ எனத் தொடங்கி மொழிபெயர்த்தால், மறுபிறவி நம்பிக்கை வேரூன்றிய சமுதாயத்தில் அது வரவிருக்கும் பிறவியைப் பற்றிய வேண்டுதலாகிவிடும். ‘இதுவரை வாழ்ந்த வாழ்க்கையையே மீண்டும் முதலிலிருந்து வாழ வாய்ப்புக் கிடைத்தால்’ எனல் வேண்டும். இன்னுமோர் இடர், எதிர்மறை. ‘மாற்றமாட்டேன்’ என்னும் எதிர்மறைக் கூற்றோடு ‘உடன்படவில்லை’ என்னும் எதிர்மறை விடை சேரும்போது, இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாடாவதை மாணவர் தம் மனத்தில் கணக்கிட வேண்டியுள்ளது. அவசரத்தில் விடை தலைகீழாவதற்கு இடமுண்டு.

6. விடைப் படிநிலையும் வினா வரிசையும்

உடன்பாட்டை அளவிடும் படிநிலை முறை ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் வகுத்தது. அதன் நடுப்படியைத் தமிழில் பெயரிடுவது எளிதன்று. அன்றாட வழக்கில் நடுநிலையைக் குறிக்க வருவது ‘பரவாயில்லை’. ஆனால் அச்சொல் நலிவை மறைக்கவும், நன்மையை அடக்கமாகச் சொல்லவும், பேச்சை முடிக்கவும் பயன்படுகிறது. எல்லாம் நன்றாக உள்ளது என வாய்விட்டுச் சொன்னால் கண்ணேறு படும் என்னும் தயக்கமும் உச்சப்படியைத் தவிர்க்கத் தூண்டும். ஆகவே நடுப்படிக்கு ‘உடன்படவும் இல்லை, மறுக்கவும் இல்லை’ என்னும் வெளிப்படையான தொடரே பொருத்தமானது.

வினாக்களின் வரிசையும் விடையை மாற்றும். நோர்பர்ட் ஷ்வார்ட்ஸ், ஜெரால்டு குளோர் ஆகியோர் 1983இல் வெளியிட்ட ஆய்வில், வெயில் நாளில் வினவப்பட்டோர் மழை நாளில் வினவப்பட்டோரைவிட உயர்ந்த மனநிறைவைக் கூறினர். முதலில் வானிலையைப் பற்றிக் கேட்டு அவர்கள் கவனத்தை ஈர்த்தபோது அவ்வேறுபாடு மறைந்தது. ஸ்ட்ராக், மார்ட்டின், ஷ்வார்ட்ஸ் ஆகியோர் 1988இல் கல்லூரி மாணவரிடம் நடத்திய ஆய்வு இன்னும் தெளிவானது. வாழ்க்கை பற்றிய பொதுவினா முதலிலும் காதல் சந்திப்புகள் பற்றிய வினா பின்னரும் வந்தபோது, இரண்டுக்குமான ஒட்டுறவெண் -0.12, வரிசையை மாற்றியபோது 0.66. முன்வினா பின்வினாவின் பொருளை வரையறுத்துவிட்டது என்பதே இதன் கருத்து.

நம் ஆய்வுப் பொருளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். வினாநிரலின் முதற்பக்கத்தில் ‘நீங்கள் விளையாட்டு வீரரா?’ எனக் கேட்டபின் வாழ்க்கை பற்றிக் கேட்டால், ஆம் என்றவர் தம் வாழ்க்கையை விளையாட்டின் வழியே பார்க்கத் தூண்டப்படுகிறார். ‘வீரர்’ என்னும் சொல்லே வீரத்தையும் பெருமிதத்தையும் உடன் கொணர்வது. நாள்தோறும் மாலையில் பூப்பந்து ஆடும் மாணவர் தம்மை வீரர் என அழைத்துக்கொள்ளக் கூசலாம். மறுபுறம் ‘விளையாட்டு’ என்பதற்குப் பொறுப்பின்மை என்னும் பொருளும் வழக்கில் உண்டு. ‘விளையாட்டுப் பிள்ளை’, ‘விளையாட்டாகச் சொன்னேன்’ என்பன சான்று. ஆகவே வகைப்படுத்தும் வினா, வாழ்க்கை பற்றிய கூற்றுகளுக்குப் பின்னரே வைக்கப்பட வேண்டும். அதுவும் பெயரைக் கேளாது செயலைக் கேட்க வேண்டும்: கடந்த 12 மாதங்களில் கல்லூரி அணியிலோ பல்கலைக்கழக அணியிலோ இடம்பெற்றீர்களா? வாரத்தில் எத்தனை மணி நேரம் பயிற்சி செய்கிறீர்கள்?

7. ஒப்பீட்டின் தகுதி

கூற்றுகளின் பொருள் வேறுபாடு முடிவை எவ்வாறு மாற்றும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். பிற மாணவரின் சராசரி விடைகள் ஐந்து கூற்றுகளுக்கும் முறையே 5, 5, 5, 4, 4 எனக் கொள்வோம், கூட்டுத்தொகை 23. விளையாட்டு மாணவர் விடைகள் 3, 5, 3, 4, 4 எனின், கூட்டுத்தொகை 19. முதல் குழு ‘ஓரளவு நிறைவு’ என்னும் வகையிலும், இரண்டாம் குழு ‘ஓரளவு நிறைவின்மை’ என்னும் வகையிலும் விழும். ஆனால் 4 புள்ளி வேறுபாடு முழுவதும் முதற்கூற்றிலிருந்தும் மூன்றாங்கூற்றிலிருந்தும் வந்தது. அவ்விரண்டிலும் ‘இலட்சியம்’, ‘திருப்தி அடைந்துவிட்டேன்’ என்னும் சொற்கள் ஆளப்பட்டிருப்பின், நாம் கண்டது மனநிலையின் வேறுபாடா, சொல்லை வாங்கிக்கொண்ட முறையின் வேறுபாடா எனக் கூற இயலாது. அகநிலை இசைவெண் உயர்ந்திருப்பது இவ்வையத்தை நீக்காது. கூற்றுகள் ஒன்றோடொன்று இயைந்து செல்கின்றன என்பதையே அது காட்டும். இரு குழுவினரும் அவற்றை ஒரே பொருளில் கொண்டனர் என்பதைக் காட்டாது.

மொழிக்கு அப்பாற்பட்ட சில தடைகளையும் இங்குக் கூறுதல் வேண்டும். விளையாட்டு மாணவர் யார் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்கத் தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம், போட்டிப் பருவத்தில் பயிற்சிக்கு வாரத்துக்கு 20 மணி நேரம் என்னும் உச்சவரம்பை 1991இல் நடைமுறைப்படுத்தியது. அவ்வமைப்புக்குள் வாழும் மாணவர் பற்றிய முடிவுகளை, கல்லூரிகளிடைப் போட்டிக்குச் சில வாரம் பயிற்சி பெறும் இந்திய மாணவருக்கு அப்படியே ஏற்ற இயலாது. மேலும், விளையாட்டு மனநிறைவைத் தருகிறதா, மனநிறைவும் உடல்நலமும் குடும்ப ஆதரவும் உடையோரே விளையாட்டில் நிலைக்கின்றனரா என்பதை ஒரே நேரத்தில் எடுத்த அளவீடு தெளிவாக்காது.

பிரூவர், வான் ரால்ட்டே, லிண்டர் ஆகியோர் 1993இல் விளையாட்டு அடையாளம் என்னும் கருத்தை அளக்க ஓர் அளவுகோலை வெளியிட்டனர். தம்மை முதன்மையாக விளையாட்டாளராகவே காண்பது வலிமையாகவும் அமையலாம், காயம் பட்டபோதோ அணியிலிருந்து நீக்கப்பட்டபோதோ நலிவாகவும் அமையலாம் என்பது அவர்கள் எழுப்பிய சிக்கல். ஆகவே ஒரே மாணவரின் மதிப்பெண் போட்டிப் பருவத்திலும், காயத்தால் ஓய்ந்திருக்கும் காலத்திலும், விளையாட்டு வாழ்வு முடிவுறும் இறுதியாண்டிலும் ஒன்றாக இருக்கும் என எதிர்பார்க்கலாகாது. அளவீடு எந்நாளில் நிகழ்ந்தது என்பதை ஆய்வாளர் குறித்தல் வேண்டும்.

8. செய்யத்தக்கன

வினாநிரல்களை மொழிபெயர்ப்போர் பெரிதும் நம்புவது மீள்மொழிபெயர்ப்பு முறை. ரிச்சர்டு பிரிஸ்லின் 1970இல் இதனை விரிவாக விளக்கினார். தமிழ் வடிவத்தை வேறொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்ப, அது மூலத்தோடு ஒத்திருந்தால் மொழிபெயர்ப்பு ஏற்கப்படுகிறது. இம்முறை பெரும்பிழைகளைக் களையும். ஆனால் அகராதி வழக்கில் ஒத்து, உலக வழக்கில் வேறுபடும் சொற்களை அது கண்டுபிடிக்காது. ‘இலட்சியம்’ என்பதை மீள்மொழிபெயர்ப்பவர் தயக்கமின்றி மூலச்சொல்லையே எழுதுவார். சோதனை வென்றதாகத் தோன்றும். மாணவரோ குறிக்கோளையே நினைத்து விடையளித்திருப்பார்.

ஆகவே மீள்மொழிபெயர்ப்போடு பின்வரும் படிகளும் தேவை. ஒன்று, இரு குழுவினரிலிருந்தும் சிலரை அழைத்து, ஒவ்வொரு கூற்றையும் படித்தவுடன் மனத்தில் எழுந்தவற்றை உரக்கச் சொல்லுமாறு கேட்டல். ‘இங்கு நிலைமை என்றபோது எதை நினைத்தீர்கள்?’ என்னும் ஒரு வினா, பல பக்கப் புள்ளியியலைவிடத் தெளிவு தரலாம். இரண்டு, இருமொழி மாணவர்க்குத் தமிழ் வடிவத்தையும் ஆங்கில வடிவத்தையும் இடைவெளி விட்டு வழங்கி, கூற்று வாரியாக ஒப்பிடுதல். மூன்று, மொத்தக் கூட்டுத்தொகையை மட்டும் தராது, ஒவ்வொரு கூற்றின் சராசரியையும் குழு வாரியாக வெளியிடுதல். நான்கு, பொதுத்தீர்ப்போடு வாழ்க்கையின் பகுதிகளையும் தனித்தனியே வினவுதல். பள்ளி மாணவர்க்காக ஸ்காட் ஹியூப்னர் 1994இல் வெளியிட்ட அளவுகோல் குடும்பம், நண்பர், பள்ளி, வாழிடம், தன்னிலை என ஐந்து பகுதிகளைப் பிரித்தது. கல்லூரிக்கு ஏற்ப இதனை மாற்றி விளையாட்டு, கல்வி ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டால், களத்தில் நிறைவும் வகுப்பில் தாழ்வும் உணரும் மாணவரை ஒரே எண்ணுக்குள் மறைக்க நேராது.

ஐந்தாவதாக, எழுத்து வழக்கில் அமைந்த கூற்றுகள் மாணவர்க்குப் பேச்சு வழக்கில் விளக்கப்படும் போது நேரும் மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். தமிழ் இரட்டை வழக்கு மொழி. அச்சில் ‘மனநிறைவு’ என இருப்பதை, களத்தில் வினாநிரலைத் தரும் உதவியாளர் ‘சந்தோஷமா இருக்கீங்களான்னு கேக்கறாங்க’ என விளக்கிவிட்டால், அளவுகோல் அக்கணமே மாறிவிடுகிறது. விளக்கத்துக்குரிய தொடர்களையும் முன்கூட்டியே எழுதி, அனைவருக்கும் ஒரே விளக்கம் கிடைக்கச் செய்தல் வேண்டும். அவ்வுதவியாளர் அம்மாணவரின் பயிற்சியாளராகவோ ஆசிரியராகவோ இருத்தலும் கூடாது. அணித்தேர்வு செய்பவர் கையில் தரப்போகும் தாளில் எந்த மாணவரும் தம் குறையை எழுதத் துணியமாட்டார்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வாழ்க்கை மனநிறைவு அளவுகோல் தமிழுக்கு ஒவ்வாதது என்பது கருத்தன்று. அது எளியது, சுருக்கமானது, பல மொழிகளில் பயன்பட்டு வருவது. ஆனால் அதன் ஒவ்வொரு கூற்றும் மொழிக்குள் நுழையும்போது அம்மொழியின் வழக்காறுகளையும் அறமதிப்புகளையும் ஏற்றுக்கொள்கிறது. கல்லூரி விளையாட்டு மாணவர் ஒரு தனி மொழிச் சமூகத்தைப் போன்றவர். திருப்தி, இலட்சியம், நிலைமை, நாங்கள் ஆகிய சொற்கள் அவர்களிடையே பெறும் பொருளும் வகுப்பறை மாணவரிடையே பெறும் பொருளும் முற்றும் ஒன்றாவதில்லை.

எனவே இரு குழுவினரின் எண்களை ஒப்பிடும் முன், சொற்களை ஒப்பிடுதல் வேண்டும். இப்பணியில் உளவியலாளருக்கும் உடற்கல்வி ஆசிரியர்க்கும் மொழியியலாளர் துணை நிற்க இயலும். இந்திய மொழிகள் ஒவ்வொன்றிலும் இத்தகைய கூற்றுகள் மாணவர் வழக்கில் சோதிக்கப்பட்டு, ஏற்புடைய வடிவங்கள் தொகுக்கப்படுமாயின், பல மாநில மாணவரை ஒருங்கே ஆராய்வதற்குரிய அடித்தளம் அமையும். அதன்பின் ஒரு மாணவி தாளில் 3 என்னும் எண்ணை வட்டமிடும்போது, அவள் சொல்ல வந்தது சோர்வையா, இன்னும் ஓட வேண்டும் என்னும் வேட்கையையா என்பதை ஓரளவேனும் பிரித்தறிய இயலும்.